என்எஃப்எல் ரீப்ளே மையம்: கால் பட்டதா என்று சொல்வதில் கெட்டி, கேட்ச்சா என்று சொல்வதில் இன்னும் தேற வேண்டும்

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரு சேவைக்குப் பணம் கட்டுகிறோம். டிக்கெட்டில், கேபிள் பில்லில், ஸ்ட்ரீமிங் சந்தாவில் அது அடங்கியிருக்கிறது. ரிசீவர் பந்தைப் பிடித்தாரா இல்லையா என்று சந்தேகம் வந்தால், நியூயார்க்கில் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் தலைமையகத்தில் இருக்கும் ஒரு பெரிய அறையில் பல திரைகளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். மைதானத்தில் இருக்கும் ரெஃப்ரி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டு, மைக்கில் நமக்கு அறிவிப்பார். 2017 முதல் கடைசி வார்த்தை நியூயார்க்குக்குத்தான். இந்தச் சேவைக்கு நான் கொடுப்பது ஐந்துக்கு மூன்று. ஏன் மூன்று, எதைச் செய்தால் நாலு என்று சொல்கிறேன்.

பிட்ஸ்பர்க் பக்கத்தில் மன்ரோவில்லில் இருக்கிறேன். கல்யாண வீடியோ எடுத்து எடிட் பண்ணிக் கொடுப்பது என் தொழில். பென் ஹில்ஸ் வெங்கடாசலபதி கோயிலில் முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் பிட்ஸ்பர்க் அணியான ஸ்டீலர்ஸ் ஆட்டத்தைத் தவறவிடுவதில்லை. தொழிலைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்லோ மோஷன் என்ன செய்யும், என்ன செய்யாது என்பது எனக்குத் தினசரி வேலை. ஊரைச் சொல்வதற்கும் காரணம் உண்டு. கேட்ச் சண்டைகளில் பாதி இந்த ஊர் அணியைச் சுற்றித்தான் நடந்திருக்கின்றன.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு, சேவை நடக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். களத் தீர்ப்பு பிடிக்காத பயிற்சியாளர் சிவப்புக் கொடியை வீசி சேலஞ்ச் கேட்கலாம். ஆட்டத்துக்கு இரண்டு சேலஞ்ச், அதில் ஒன்று பலித்தால் மூன்றாவது கிடைக்கும். பலிக்காவிட்டால் ஒரு டைம் அவுட் போய்விடும். டச்டவுன் (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது), இன்டர்செப்ஷன் (வீசிய பந்தை எதிரணி பிடித்துவிடுவது) போன்றவற்றை யாரும் கேட்காமலே சரிபார்க்கிறார்கள். ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடங்களிலும் பயிற்சியாளர் கொடி வீச முடியாது, மேலே இருக்கும் ரீப்ளே அதிகாரிதான் கூப்பிட வேண்டும். முடிவு மூன்று விதமாக வரும். களத் தீர்ப்பு சரிதான் என்று காட்சியே காட்டினால் உறுதி. தவறு என்று தெளிவாகக் காட்டினால் மாற்றம். இரண்டுக்கும் ஆதாரம் போதாது என்றால் களத்தில் சொன்னது அப்படியே நிற்கும். இந்த மூன்றாவது முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை அதில் இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ‘எங்கே’ என்ற கேள்விக்கு இந்தச் சேவையை அடித்துக்கொள்ள ஆளில்லை. கால் கோட்டுக்குள்ளே பட்டதா, பந்து தரையைத் தொட்டதா, முட்டி எந்த இடத்தில் இறங்கியது என்பதையெல்லாம் மனிதக் கண்ணை விடப் பல மடங்கு நன்றாகச் சொல்லும். கல்லூரி ஆட்டத்தில் ஒரு கால் எல்லைக்குள் பட்டால் போதும். என்எஃப்எல்லில் இரண்டு காலும் பட வேண்டும். பிடித்துக்கொண்டே வெளியே விழுகிற ரிசீவரின் பெருவிரல் நுனி புல்லை உரசியதா என்று நிற்கிற மனிதர் எப்படிப் பார்ப்பார்?

2009 பிப்ரவரி 1, டாம்பாவில் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல். ஸ்டீலர்ஸுக்கு எதிராக அரிசோனா 23–20 என்று முன்னிலை. நாற்பது விநாடிக்கும் குறைவாக மிச்சம். ஸ்டீலர்ஸின் பென் ராத்லிஸ்பர்கர், கோட்டுக்கு அப்பால் இருக்கும் எண்ட் ஸோனின் வலது மூலைக்கு வீசிய பந்தை, மூன்று பேர் சூழ்ந்து நிற்க, சான்டோனியோ ஹோம்ஸ் உடம்பை முழுக்க நீட்டிப் பிடித்தார். இரண்டு பாதங்களின் நுனியும் எல்லைக்குள் இருந்தன. உடம்பு முழுக்க வெளியே சாய்ந்துகொண்டிருந்தது. களத்தில் டச்டவுன் என்றார்கள், ரீப்ளேயில் பார்த்தும் அதுவே நின்றது. ஸ்டீலர்ஸ் 27–23. இன்றைக்கும் அந்தக் காட்சியை ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தால் இரண்டு நுனியும் தரையில் இருப்பது தெரிகிறது. தோற்ற அணியின் ரசிகரும் உட்கார்ந்து பார்த்துத் திருப்தி அடையக்கூடிய தீர்ப்பு அது. இந்தச் சேவையின் உச்சம் என்று இதைத்தான் சொல்வேன்.

இது இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதற்கும் இதே ஊர்தான் சாட்சி. 1980 ஜனவரியில் பிட்ஸ்பர்க் த்ரீ ரிவர்ஸ் மைதானத்தில் ஹூஸ்டன் ஆய்லர்ஸ் ரிசீவர் மைக் ரென்ஃப்ரோ எண்ட் ஸோன் ஓரத்தில் ஒரு பந்தைப் பிடித்தார். நடுவர்கள் கூடிப் பேசி, கேட்ச் இல்லை என்றார்கள். டிவியில் திரும்பத் திரும்பப் போட்டதைப் பார்த்தவர்களுக்குக் கால் உள்ளே இருந்தது தெரிந்தது. வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது நடுவருக்குத் தெரியவில்லை என்றால் அந்த ஏற்பாடு எத்தனை நாள் தாங்கும்? 1986இல் ரீப்ளே வந்தது. 1992இல் எடுத்துவிட்டார்கள். 1999இல் சேலஞ்ச் முறையோடு திரும்பி வந்தது. ரென்ஃப்ரோவுக்கு நடந்தது அநியாயம், அதில் ஜெயித்தது என் அணி. ரீப்ளே வேண்டாம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவே முடியாது.

அப்படியானால் குறை எங்கே? ‘எவ்வளவு நேரம்’ என்ற கேள்வியில்.

இப்போதைய கேட்ச் விதி 2018 மார்ச்சில் அணி உரிமையாளர்கள் 32 பேரும் ஒருமனதாக ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்தது. பந்து கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். இரண்டு கால்களோ, முட்டி முழங்கை மாதிரி உடம்பின் வேறு பாகமோ எல்லைக்குள் தரையில் பட வேண்டும். அதற்கு அப்புறம் ஆட்டக்காரர் மாதிரி ஒரு செயல் செய்ய வேண்டும்: மூன்றாவது அடி வைப்பது, கோட்டை நோக்கிப் பந்தை நீட்டுவது, உடம்பைத் திருப்பி ஓடத் தொடங்குவது. செய்யாவிட்டாலும், செய்வதற்குப் போதுமான நேரம் பந்தைக் கையில் வைத்திருந்தால் போதும். முதல் இரண்டும் இடத்தைப் பற்றியவை. மூன்றாவது நேரத்தைப் பற்றியது. ரிசீவர் கையில் பந்து எவ்வளவு நேரம் இருந்தது என்பதை நிறுத்தி நிறுத்தி ஓட்டும் படத்தில் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

என் தொழிலில் இருந்து சொல்கிறேன். தாலி கட்டும் நொடியை உறவினர்கள் கண்ணீரோடு பார்க்கும்படி நான் பத்து மடங்கு மெதுவாக்கிப் போடுகிறேன். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போடும் ஓரிரு விநாடி, திரையில் இருபது விநாடியாகிவிடும். அதைப் பார்க்கிறவர்கள், “எவ்வளவு நிதானமா கட்டினார் பாருங்க” என்பார்கள். அங்கே நிதானம் எதுவும் இல்லை. ஐயர் அவசரப்படுத்தினார், மேளம் காதைப் பிளந்தது. நிதானத்தை உண்டாக்கியது என் மென்பொருள். மெதுவாக்கிய படம் இடத்தைப் பற்றி உண்மை சொல்லும், நேரத்தைப் பற்றிச் சொல்லாது. ரீப்ளேயில் இது இரண்டு பக்கமும் வெட்டுகிறது. அரை விநாடி பிடித்திருந்தவர் ஐந்து விநாடி பிடித்திருந்ததாகத் தெரிவார். பந்து கையில் ஒரு விரற்கடை நகர்ந்தால் கையை விட்டே போனதாகத் தெரியும்.

இதில் ஊருக்கே வலித்தது 2017 டிசம்பர் 17. அன்றைய ஹைன்ஸ் ஃபீல்டில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸோடு ஆட்டம். அவர்கள் 27–24. ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டர் ஒரே வீச்சில் வந்த பந்தைப் பிடித்து ஓடி, 69 யார்டு தாண்டி அதை எல்லைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். அடுத்து 10 யார்டில் இருந்து ராத்லிஸ்பர்கர் வீச, டைட் எண்ட் ஜெஸ்ஸி ஜேம்ஸ் பிடித்தார், முட்டி தரையில் பட்டது, திரும்பி, இரண்டு கையாலும் பந்தைக் கோட்டுக்கு மேல் நீட்டினார். டச்டவுன். 28 விநாடி மிச்சம். மைதானம் குலுங்கியது.

அப்புறம் ரீப்ளே. அன்றைய விதிப்படி, விழுந்துகொண்டே பிடிக்கிறவர் தரையில் மோதிய பின்னும் பந்தை விடாமல் வைத்திருக்க வேண்டும். ஜேம்ஸின் பந்து தரையில் பட்டபோது கைக்குள் லேசாகச் சுழன்றது. மெதுவாக ஓட்டிப் பார்த்தால் சுழற்சி தெரிகிறது. கேட்ச் இல்லை என்று மாற்றினார்கள். அடுத்த ஓரிரு வீச்சிலேயே ராத்லிஸ்பர்கரின் பந்து எண்ட் ஸோனில் இன்டர்செப்ட் ஆனது. கதை முடிந்தது. இரண்டு அணியும் அந்தப் பருவத்தை 13 வெற்றி, 3 தோல்வி என்று முடித்தன, முதலிடமும் சொந்த மைதான வசதியும் பேட்ரியட்ஸுக்குப் போயின.

அந்தச் சமயம் அம்மா திருநெல்வேலியில் இருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். ஆட்டத்தின் விதி ஒன்றும் தெரியாது. சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், “புடிச்சிட்டாம்லா, பொறவு என்னத்தல பாக்காங்க?” என்று கேட்டார். அவர் கேட்டதுதான் சரியான வாடிக்கையாளர் கேள்வி. ஆட்டத்தைப் பார்க்கிற சாதாரண மனிதருக்கு நிஜ வேகத்தில் கேட்ச் என்று தெரிவதும், விதி சொல்வதும் இத்தனை தூரம் விலகிப் போகக் கூடாது. அன்றைக்கு நியூயார்க் தப்பாகத் தீர்ப்புச் சொன்னதாக நான் சொல்லவில்லை. இருந்த விதிக்கு அது பொருந்தும். ஆனால் யாருக்கும் தேவைப்படாத ஒரு துல்லியத்தை அந்த விதி கேட்டது, கேமராவும் தயங்காமல் எடுத்துக் கொடுத்தது.

இதே விதிதான் 2010 செப்டம்பரில் சிகாகோவில் டெட்ராய்ட் லயன்ஸின் கால்வின் ஜான்சனைத் தண்டித்தது. எகிறிப் பிடித்து, இறங்கி, விழுந்து, எழும்போது பந்தைத் தரையில் ஊன்றிவிட்டு ஓடினார். அந்தப் பந்து கையை விட்டது கேட்ச் முடியாததற்கு அடையாளம் என்றார்கள். 2015 ஜனவரி 11இல் கிரீன் பேயில் டல்லாஸின் டெஸ் பிரையன்ட். நாலாவது டவுன், அதாவது கடைசி முயற்சி, இரண்டு யார்டு தேவை, டல்லாஸின் ரோமோ வீசியதை எதிரணியின் சாம் ஷீல்ட்ஸுக்கு மேலே எகிறிப் பிடித்து, அடி எடுத்து வைத்து, கோட்டை நோக்கிப் பாய்ந்தார். விழும்போது பந்து தரையில் பட்டுக் குதித்தது. கிரீன் பே பயிற்சியாளர் சேலஞ்ச் கேட்டார், கேட்ச் காணாமல் போனது. 26–21 என்று டல்லாஸ் வீட்டுக்குப் போனது. இரண்டு ஆட்டத்திலும் ரெஃப்ரி ஜீன் ஸ்டெரட்டோர், எங்கள் மேற்கு பென்சில்வேனியாக்காரர். ஓய்வு பெற்றபின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் விதி விளக்குபவராக உட்கார்ந்தார். இன்று பெரிய சேனல்கள் எல்லாம் இப்படி ஒரு பழைய நடுவரைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கின்றன. தீர்ப்புச் சொல்கிறவர்கள் காரணத்தையும் சொல்லிவிட்டால் அந்த நாற்காலிக்கு என்ன தேவை?

2018இல் விதியை மாற்றியபோது தரையில் மோதிய பின்னும் பந்தை வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். பிரையன்ட், ஜேம்ஸ் இருவர் பிடித்ததும் இனிமேல் கேட்ச்தான் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அதற்கு ஏழு வாரம் முன்புதான் சூப்பர் பவுலில் ஃபிலடெல்ஃபியாவின் ஸாக் எர்ட்ஸ் கோட்டைத் தாண்டிப் பாய்ந்து, பந்து தரையில் பட்டு எகிறி, மறுபடி பிடித்த டச்டவுன் பழைய விதியிலேயே தப்பித்தது. அடி எடுத்து வைத்து ஓடத் தொடங்கிவிட்டார் என்று கணக்கு. நல்ல தீர்ப்பு, நல்ல விதி மாற்றம். அந்த ஒரு மாற்றத்துக்காகவே இரண்டில் இருந்த என் மதிப்பெண் மூன்றுக்கு ஏறியது.

ஆனால் சண்டை நிற்கவில்லை, இடம் மாறியது. 2025 டிசம்பரில் பால்டிமோரில் ரேவன்ஸோடு ஆட்டம். ஸ்டீலர்ஸ் 27–22. நாலாவது கால்பகுதியின் பிற்பகுதியில் ரேவன்ஸின் ஐசையா லைக்லி எண்ட் ஸோனுக்குள் பந்தைப் பிடித்தார், இரண்டு காலும் இறங்கின, மூன்றாவது அடி காற்றில் இருக்கும்போது நம் ஆள் பந்தைத் தட்டிவிட்டார். களத்தில் டச்டவுன். ரீப்ளேயில் மாற்றினார்கள். மூன்றாவது கால் தரையில் படும் முன்பே பந்து போய்விட்டது என்பது காரணம். ஸ்டீலர்ஸ் ஜெயித்தார்கள், நானும் கத்திக் கொண்டாடினேன். ஆனால் இரவு அதை நிஜ வேகத்தில் போட்டுப் பார்த்தபோது மனம் ஒப்பவில்லை. விதியில் ‘செய்வதற்குப் போதுமான நேரம்’ என்று ஒரு வரி இருக்கிறதே, அதை யாராவது எடைபோட்டார்களா? காலை எண்ணுவது சுலபம், ஃப்ரேமை நிறுத்தினால் எண்ணிவிடலாம். நேரத்தை அப்படி எண்ண முடியாது. எண்ண முடிந்ததை மட்டும் எண்ணிவிட்டுத் தீர்ப்பை மாற்றினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. என் அணிக்குச் சாதகம் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது. ஜேம்ஸுக்காக எட்டு வருடம் குரல் கொடுத்தவன் லைக்லிக்கும் கொடுக்க வேண்டும்.

அடுத்த பெரிய குறை, காது. இங்கே கிரிக்கெட் பார்க்கிற நம்மவர்களுக்குச் சட்டென்று புரியும். டிஆர்எஸ்ஸில் மூன்றாவது நடுவர் பேசுவது நமக்குக் கேட்கிறது. “அந்தக் கோணத்தைக் காட்டு, விரல் பந்துக்குக் கீழே இருக்கிறதா, நிறுத்து” என்று அவர் யோசிப்பதை யோசிக்கிறபடியே கேட்கிறோம். முடிவு பிடிக்காவிட்டாலும் எந்த வழியில் வந்தார் என்பது தெரியும். அங்கேயும் பந்தைக் கீழே இறக்கி அள்ளிய கேட்ச்களில் சண்டை உண்டு. களநடுவர் முன்கூட்டியே தன் அபிப்பிராயத்தைச் சொல்லும் ‘சாஃப்ட் சிக்னல்’ தீர்ப்பை இழுக்கிறது என்று சொல்லி 2023இல் அந்த சிக்னலையே எடுத்தார்கள். பந்தைத் தொடர்கிற தொழில்நுட்பமும் ரீப்ளே காட்சிகளைக் கோக்கிற அமைப்பும் கொடுக்கிற ஹாக்-ஐ நிறுவனம் இரண்டு ஆட்டத்துக்கும் ஒன்றுதான். கருவி ஒன்று, ஆனால் அங்கே குரல் கேட்கிறது, இங்கே கேட்பதில்லை. அமெரிக்காவில் முடியாது என்றும் சொல்ல முடியாது. 2020இல் எக்ஸ்எஃப்எல் என்ற சிறிய லீக், ரீப்ளே அறையில் நடக்கும் பேச்சை அப்படியே ஒளிபரப்பியது. பார்க்க அருமையாக இருந்தது. என்எஃப்எல்லில் நமக்குக் கிடைப்பது, ஹெட்செட்டில் தலையாட்டும் ரெஃப்ரி, அப்புறம் விளம்பரம், அப்புறம் ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு.

வேகத்தைப் பாராட்ட வேண்டும். 2021 முதல் வெளிப்படையான தவறுகளை ஆட்டத்தை நிறுத்தாமலே மேலிருந்து சொல்லித் திருத்துகிறார்கள். முன்பெல்லாம் திரைச்சீலைக்குள் தலையை விட்டு ரெஃப்ரி பார்த்துக்கொண்டிருந்த நேரம் இப்போது பெருமளவு குறைந்துவிட்டது.

நியூயார்க்கின் அந்த அறைக்கு ஆர்ட் மெக்னாலி பெயரை வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. 1972 டிசம்பர் 23, த்ரீ ரிவர்ஸ். ஓக்லாண்ட் ரைடர்ஸ் 7–6 முன்னிலை, 22 விநாடி. ஸ்டீலர்ஸின் பிராட்ஷா வீசிய பந்து, அதே அணியின் ஃபுகுவாவும் ரைடர்ஸின் ஜாக் டேட்டமும் மோதிக்கொண்ட இடத்தில் பட்டுத் தெறிக்க, ஸ்டீலர்ஸின் ஃபிராங்கோ ஹாரிஸ் தரைக்குச் சற்று மேலே அள்ளி டச்டவுனுக்கு ஓடினார். அன்றைய விதிப்படி பந்து கடைசியாக ஃபுகுவா மேல் மட்டும் பட்டிருந்தால் கேட்ச் செல்லாது, டேட்டம் மேல் பட்டிருந்தால் செல்லும். ரெஃப்ரி ஃப்ரெட் ஸ்வேரிங்கன் தீர்ப்புச் சொல்லும் முன் மைதானத் தொலைபேசியில் மேலே இருந்தவரைக் கூப்பிட்டார். மேலே இருந்தது நடுவர்களின் தலைவர் மெக்னாலி. டிவி ரீப்ளேயைப் பார்த்துச் சொன்னாரா என்று ரைடர்ஸ் ரசிகர்கள் இன்றும் கேட்கிறார்கள். இல்லை என்றே அவர் கடைசி வரை சொன்னார். அந்தப் பேச்சை யாரும் கேட்கவில்லை. அதனால்தான் அரை நூற்றாண்டு தாண்டியும் அந்தச் சந்தேகம் ஓயவில்லை. பிட்ஸ்பர்க் விமான நிலையத்தில் ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பக்கத்தில் ஹாரிஸ் குனிந்து பந்தை அள்ளும் சிலை இருக்கிறது. ஊருக்கு வருகிறவர்கள் பார்க்காமல் போகாதீர்கள்.

நாலாவது நட்சத்திரத்துக்கு நான் கேட்பவை பெரிதாக ஒன்றும் இல்லை. கால், கோடு, தரை இவற்றுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் மெதுவாக ஓட்டட்டும். மூன்றாவது அடி, போதுமான நேரம் இவற்றுக்கு நிஜ வேகத்தில் மட்டும் பார்க்கட்டும். நிஜ வேகத்தில் தவறு என்று தெரியவில்லை என்றால் களத்தில் சொன்னது நிற்கட்டும். நியூயார்க்கில் பேசுவதை ஒலிபரப்பட்டும். விதிக்குழு ஒவ்வொரு வருடமும் மார்ச் வாக்கில் உரிமையாளர்கள் முன் திருத்தங்களை வைக்கிறது, 32இல் 24 ஓட்டு விழுந்தால் நிறைவேறும்.

அதுவரை பார்க்கிறவர்களுக்கு ஒரு யோசனை. சர்ச்சையான கேட்ச் வந்தால், சேனல் காட்டும் முதல் ரீப்ளேயை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அதுதான் நிஜ வேகத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அதிலேயே உங்கள் முடிவை எடுத்துக்கொண்டு, அப்புறம் வரும் மெதுவான காட்சிகளைக் காலுக்கும் கோட்டுக்கும் மட்டும் பயன்படுத்துங்கள். விதியை நேராகப் படிக்க விரும்பினால் என்எஃப்எல்லின் செயல்பாட்டுத் தளத்தில் விதிப்புத்தகம் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. கேட்ச் பற்றிய பகுதிக்கு வீடியோ விளக்கமும் உண்டு. இந்தச் சேவையில் ஐந்துக்கு ஐந்து கொடுக்கக்கூடிய பகுதி அது.